மதுரைச் சுல்தான்களும் நம் கரையோர வியாபாரிகளும்



ஸ்பெயின் தேசத்தை முஸ்லிம்கள் ஆண்ட சரித்திரத்தை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கிறோம். மீலாது மேடைகளில் கொர்டோவா நகரத்தின் நூல் நிலையங்களைப் பற்றியும், கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையைப் பற்றியும் ஆலிம்கள் பேசக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நம் தாய்மொழி வழங்கும் தமிழ்நாட்டிலேயே, அதுவும் மதுரை மாநகரிலேயே, சுல்தான்கள் இருந்து ஆண்டார்களே, அவர்கள் யார், எத்தனை காலம் ஆண்டார்கள், பிறகு என்ன ஆயிற்று என்று நம் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லக் கூடியவர் சிலரே.

இதை நாம் தெரிந்து கொள்ள வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. "நீங்கள் மாலிக் காபூரின் படையோடு வந்தவர்கள்தானே" என்று நம்மைப் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம்மிலும் சிலர், "ஆம், நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று மார்தட்டிக் கொள்கிறார்கள். முன்னவர் சொல்வதும் சரியல்ல. பின்னவர் சொல்வதும் சரியல்ல. கடைக்காரனுக்குப் பேரேடு எப்படியோ, ஒரு சமூகத்துக்குச் சரித்திரம் அப்படி. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தால் கணக்கு நேராகாது. ஆகவே இரண்டையும் எழுதிப் பார்ப்போம்.

ஸ்பெயினும் சிசிலியும்

முதலில் ஐரோப்பாவைச் சுருக்கமாகப் பார்த்துக் கொள்வோம். 711-ல் தாரிக் இப்னு ஸியாத் ஸ்பெயின் கரையில் இறங்கினார். அவர் இறங்கிய குன்றுக்கு ஜபல் தாரிக் என்று பெயர். அதுவே ஜிப்ரால்டர் ஆயிற்று. அன்று முதல் 1492-ல் கிரனாடா கைவிட்டுப் போகும் வரை, கூடியும் குறைந்தும், ஏறத்தாழ 780 ஆண்டுகள் அந்தத் தேசத்தில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. இத்தாலிக்குத் தெற்கேயுள்ள சிசிலித் தீவில் 827-ல் முஸ்லிம் படை இறங்கியது. 831-ல் பலெர்மோ நகரம் கைவசமாயிற்று. 1091-க்குள் நார்மன் கிறிஸ்தவர்கள் தீவு முழுவதையும் பிடித்துக் கொண்டார்கள்.

அரசு போன பின்பு அங்கிருந்த முஸ்லிம் ஜனங்களின் கதி என்ன? சிசிலியில் ஆரம்பத்தில் நிலைமை நன்றாகவே இருந்தது. இரண்டாம் ரோஜர் என்ற கிறிஸ்தவ அரசர் அல் இத்ரீஸி என்ற முஸ்லிம் அறிஞரை ஆதரித்து, உலகப் படங்களுடன் கூடிய பெரிய பூகோள நூலொன்றை 1154-ல் முடிக்கச் செய்தார். ஆனால் அடுத்த நூற்றாண்டில் முஸ்லிம்கள் தீவிலிருந்து பெயர்க்கப்பட்டு இத்தாலியின் லுசேரா என்ற ஊரில் குடியேற்றப்பட்டார்கள். 1300-ல் அந்த ஊரும் அழிக்கப்பட்டது. ஜனங்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஸ்பெயினில் கிரனாடா உடன்படிக்கை எழுதிய மை காய்வதற்குள் என்று சொல்லும்படி, பத்தே ஆண்டுகளில் மதம் மாறு அல்லது வெளியேறு என்ற உத்தரவு பிறந்தது. மாறியவர்களின் சந்ததியாரையும் 1609 முதல் 1614 வரை கப்பலேற்றித் துரத்தி விட்டார்கள். இதை மனத்தில் வைத்துக் கொண்டு தமிழ்க் கரைக்கு வருவோம்.

மஃபர் என்னும் கரை

அரபு வியாபாரிகள் நம் கீழைக் கரையை மஃபர் என்று அழைத்தார்கள். கடந்து செல்லும் துறை என்பது அந்தச் சொல்லின் பொருள். அவர்கள் இங்கே வாளோடு வரவில்லை, சரக்கோடு வந்தார்கள். 849-ல், பழைய சேர நாட்டுக் கொல்லத்தில், தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தார்கள். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் கூஃபி எழுத்தில் அரபியில் ஒப்பமிட்ட முஸ்லிம்களும் இருக்கிறார்கள். கிறிஸ்தவருடைய ஆலயத்துக்கு முஸ்லிம் வியாபாரி சாட்சி நின்றான் என்பதைக் கவனிக்க வேண்டும். சாட்சிக்கு அழைக்கப்படுபவன் அந்த ஊரில் நம்பிக்கை பெற்றவனாகத்தான் இருக்க முடியும்.

பாண்டியர் காலத்தில் இந்த உறவு இன்னும் வளர்ந்தது. இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கு வரியில்லாமல் நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. பள்ளிவாசலுக்குக் கொடுத்த நிலத்தின் பத்திரம் பெருமாள் கோயில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது! இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்நாளில் நம்மவருடைய பெரிய வியாபாரம் குதிரை வியாபாரம். வஸ்ஸாப் என்ற பாரசீக சரித்திராசிரியர் கொடுக்கும் கணக்கைப் பாருங்கள். பாரசீகக் கரையிலிருந்து மஃபருக்கும் அடுத்த துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார். கூட்டிப் பார்த்தால் 22 லட்சம் தீனார். இதில் கீஷ் தீவின் ஜமாலுத்தீன் தம் சொந்தக் கணக்கில் அனுப்பியவை 1,400. வழியில் கடலில் செத்துப் போகும் குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுத்து விடுவது என்பது ஒப்பந்தம். இன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி செய்கிற வேலையை அன்று வாங்குகிறவரே செய்திருக்கிறார். விற்பவன் வாக்கில் வாங்குபவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தால் இப்படி ஓர் ஒப்பந்தம் எழுதியிருப்பார்கள்!

அந்த ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் சுந்தர பாண்டியருக்கு மந்திரியாக இருந்தார். காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. 1290-களில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோவும், ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளின் கப்பல்கள் அங்கே வந்து கூடுவதையும், அரசர் பரதேசி வியாபாரிகளை நீதியாக நடத்தியதையும் எழுதி வைத்திருக்கிறார்.

மாலிக் காபூர் மதுரைக்கு வந்தது 1311-ல். கொல்லத்துச் செப்பேட்டுக்கும் அதற்கும் இடையே 462 ஆண்டுகள். அந்தப் படையெடுப்பின்போது பாண்டியர் சேனையிலேயே முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள் என்று டில்லி அரசவைப் புலவர் அமீர் குஸ்ரு எழுதுகிறார். அவர்கள் கலிமா சொல்லத் தெரிந்தவர்களாக இருந்ததால் உயிர்ப்பிச்சை பெற்றார்களாம். ஆகவே, "காபூர் படையோடு வந்தவர்கள்" என்று சொல்பவருக்கு நாம் கோபப்படாமல் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: காபூர் வந்தபோது எங்கள் முன்னோர் இங்கேயே இருந்தார்கள்; பாண்டியர் பக்கத்தில் நின்றவர்களும் அவர்களில் உண்டு.

மதுரையில் சுல்தான்கள்

1323-ல் டில்லித் துக்ளக் படை மதுரையைப் பிடித்து, மஃபரை ஒரு மாகாணமாக ஆக்கியது. அங்கே அதிகாரியாக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் என்பவர், டில்லியின் கை தளர்ந்ததைக் கண்டு, 1335 வாக்கில் தாமே சுல்தான் என்று அறிவித்துத் தம் பெயரில் நாணயம் அடித்தார். இப்படித்தான் மதுரை சுல்தானிய்யத் பிறந்தது.

பிறந்த நாள் முதல் அதற்கு நிம்மதியில்லை. ஜலாலுத்தீன் ஐந்து ஆண்டுகள் ஆண்ட பிறகு தம் சொந்த அமீர் ஒருவராலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுத்தீன் உதவ்ஜி இரண்டாம் ஆண்டில் போர்க்களத்தில் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது அம்பு பட்டு மாண்டார். அவருடைய மருமகன் குத்புத்தீன் ஆண்டது நாற்பதே நாள். அவரையும் சொந்த ஆட்களே கொன்றார்கள். நான்காவதாக வந்தவர் ஜலாலுத்தீனின் மருமகனான கியாதுத்தீன் தாமகானி. மொத்தம் எட்டு சுல்தான்கள். 1371-ல் விஜயநகரத்துக் குமார கம்பணர் மதுரையைப் பிடித்தார். கடைசிச் சுல்தானின் நாணயத்தில் காணும் ஆண்டு ஹிஜ்ரி 779, அதாவது 1378-ஐ ஒட்டியது. அத்தோடு முடிந்தது. ஸ்பெயினில் 780 ஆண்டுகள், சிசிலியில் 260 ஆண்டுகள். மதுரையிலோ நாற்பத்து மூன்றே ஆண்டுகள்.

இப்னு பதூதா சொன்ன சாட்சி

இந்த ஆட்சியைக் கண்ணால் கண்டு எழுதியவர் மொராக்கோ தேசத்து யாத்திரிகர் இப்னு பதூதா. டில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்தவர். 1344 வாக்கில் இலங்கையிலிருந்து வரும்போது புயலில் அகப்பட்டு நம் கரையில் ஒதுங்கினார். டில்லியில் அவர் மணந்திருந்த மனைவி ஜலாலுத்தீனின் மகள். கியாதுத்தீனின் மனைவியோ அதே ஜலாலுத்தீனின் இன்னொரு மகள். ஆகவே சுல்தானுக்கு அவர் சகலப்பாடி. சுல்தானும் ஆளனுப்பி அழைத்து மரியாதையோடு தங்க வைத்தார். மாலத்தீவின் மேல் கப்பற்படை அனுப்புவது பற்றி இருவரும் யோசனை கூடச் செய்தார்கள்.

இவ்வளவு நெருங்கிய உறவினர் என்ன எழுதினார் தெரியுமா? சுல்தான் பிடித்த கைதிகளை, பெண்களையும் குழந்தைகளையும் கூட விடாமல், கழுவில் ஏற்றியும் வெட்டியும் கொல்வித்ததைக் கண்டார். வேறு எந்த அரசரிடத்திலும் தாம் இப்படிப்பட்ட கொடுமையைக் காணவில்லை என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவைத் துரிதப்படுத்தினான் என்றும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். எண்பது வயதான ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளரைக் கண்ணனூர்ப் போரில் பிடித்து, அவரிடமிருந்த செல்வத்தையெல்லாம் வாங்கிக் கொண்ட பின்பும் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்க விட்டிருந்தார்கள். அதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த வல்லாளரின் சேனையிலும் ஏறக்குறைய 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக அவரே சொல்கிறார். எனவே இது மார்க்கத்துக்கும் மார்க்கத்துக்கும் நடந்த யுத்தமல்ல; நாடு பிடிக்க நடந்த யுத்தம்.

பிறகு மதுரையில் கொள்ளை நோய் பரவியது. நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் மாண்டார்கள். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் போனார்கள். கடைசியில் சுல்தானும் போனார். பதவிக்கு வந்த மருமகப்பிள்ளை நாஸிருத்தீன், சுல்தானின் மகளை மணந்திருந்தவரைக் கொன்று, அந்தப் பெண்ணைத் தானே மணந்து கொண்டார். இப்னு பதூதா காய்ச்சலோடு ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

சகோதரர்களே, இந்தப் பக்கத்தை நாம் கிழித்தெறியக் கூடாது. சகலப்பாடி, விருந்தாளி, ஒரே மார்க்கத்தவர் என்ற மூன்று உறவும் இருந்தும் ஒரு காஜி உண்மையைச் சாட்சியாக எழுதினார். தனக்கு வேண்டியவருக்கு விரோதமாக இருந்தாலும் சாட்சியை நேராகச் சொல்ல வேண்டும் என்பதுதானே மதரஸாவில் நாம் ஓதியது? அந்தச் சுல்தான்களின் கொடுமைக்கு நாம் பொறுப்பாளிகள் அல்ல. ஆனால் அவர்களை நம் பெருமையென்று தூக்கிக் கொண்டால் அந்தப் பொறுப்பும் கூடவே தோளில் ஏறும்.

சிம்மாசனம் போன பின்பு

இனிதான் முக்கியமான இடம். மதுரைச் சிம்மாசனம் போயிற்று. ஸ்பெயினில் நடந்தது போல இங்கே நடந்ததா? இல்லை. வெற்றி பெற்ற விஜயநகர அரசே பின்னர் முஸ்லிம் குதிரை வீரர்களைச் சேனையில் சேர்த்துக் கொண்டது. இரண்டாம் தேவராயர் காலத்தில், 1439-ல், அஹ்மத் கான் என்ற முஸ்லிம் அதிகாரி விஜயநகரத் தலைநகரிலேயே பள்ளிவாசல் எழுப்பினார். மதுரையில் கோரிப்பாளையம் தர்காவுக்குரிய ஆறு கிராமங்களின் மானியத்தை 1573-ல் வீரப்ப நாயக்கர் உறுதிப்படுத்திக் கல்லில் பொறித்துக் கொடுத்தார். இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, கீழக்கரை சீதக்காதி மரைக்காயரைத் தம் நெருங்கிய நண்பராக வைத்துக் கொண்டார். அந்தச் சீதக்காதியின் ஆதரவு பெற்ற உமறுப் புலவர்தாம் சீறாப்புராணம் பாடினார். நாகூர் தர்காவின் மினாராக்களில் எல்லாவற்றிலும் உயரமான 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

சுல்தான்கள் அரண்மனையில் எழுந்த தமிழ் நூல் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. ஆனால் சுல்தான்கள் போய் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1572-ல், வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா வந்தது. அதிலிருந்து வரிசையாக நூற்றுக் கணக்கான இஸ்லாமியத் தமிழ் நூல்கள் வந்தன. அரசு கொடுக்காததைக் கடை கொடுத்தது. புலவருக்குப் பொன் கொடுத்தவர்கள் சுல்தான்கள் அல்லர். கப்பல் வைத்திருந்த மரைக்காயர்கள்.

அப்படியானால் நம் முன்னோருடைய நேர்மை ஒன்றினால்தான் அவர்கள் பிழைத்தார்களா? அப்படிச் சொல்லிவிட்டால் அதுவும் பாதிக் கணக்குத்தான். ஸ்பெயினில் வலன்சியா வயல்களில் பாடுபட்ட முஸ்லிம் குடியானவர்களும் நேர்மையாளர்கள்தாம், உழைப்பாளிகள்தாம், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்தாம். அவர்களை வெளியேற்றியபோது நிலங்கள் பாழாகி, நில உடைமைக்காரர்களே நஷ்டப்பட்டார்கள். ஆயினும் வெளியேற்றினார்கள். ஆகவே நல்ல குடியாக நடந்து கொள்வது ஒரு கை. நல்ல அயலாரும் நீதியுள்ள அரசும் இன்னொரு கை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை. தமிழ்நாட்டில் அந்த இரண்டாவது கை இருந்தது. அதற்காக நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிங்கப்பூரில் நாம்

அந்தக் கரையோர வியாபாரிகளின் வாரிசுகள்தாம் 1819-க்குப் பின் இந்தத் தீவில் வந்திறங்கிய சூலியாக்கள். அவர்கள் இங்கேயும் அதே முறையில்தான் வேரூன்றினார்கள். 1826-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளி. அதற்கு அடுத்த ஆண்டு அதே ரோட்டில், கூப்பிடு தூரத்தில், மாரியம்மன் கோயில். பள்ளியை வைத்து ஒரு தெருவுக்கு மாஸ்க் ஸ்ட்ரீட் என்றும், கோயில் கோபுரத்தை வைத்து மறு தெருவுக்குப் பகோடா ஸ்ட்ரீட் என்றும் பெயர் வந்தது. தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவின் சாயலில் ஒரு தர்காவைக் கட்டினார்கள். தேக்கா வட்டாரத்தில் டன்லப் ஸ்ட்ரீட்டிலுள்ள அப்துல் கபூர் பள்ளியின் கட்டட வேலை 1907-ல் தொடங்கியது.

மொழியையும் அவர்கள் விடவில்லை. 1872-ல் இங்கே அச்சேறிய முனாஜாத்துத் திரட்டு ஒரு நாகூர்ப் புலவருடையது. 1887 முதல் 1890 வரை சிங்கை நேசன் பத்திரிகையை நடத்தியவர் மகுதூம் சாயபு. 1946-ல் கடையநல்லூர் முஸ்லிம்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1982-ல் மூடப்படும் வரை, மதம் பாராமல் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தது. இந்தத் தீவின் கடைசித் தமிழ்ப் பள்ளியும் அதுவே.

இவற்றில் எதற்கும் ஒரு சுல்தான் தேவைப்படவில்லை என்பதைப் பாருங்கள்.

நமக்குள்ள படிப்பினைகள்

ஒன்று: பிள்ளைகளுக்கு முழுக் கணக்கைச் சொல்லிக் கொடுப்போம். அல்ஹம்ராவைச் சொல்லும்போது லுசேராவையும் சொல்வோம். மதுரைச் சுல்தான்களைச் சொல்லும்போது இப்னு பதூதா கண்டதையும் சொல்வோம். அப்படி வளர்ந்த பிள்ளை, யாராவது வெளியில் குத்திப் பேசினால் தலை குனியவும் மாட்டான். வெறி கொள்ளவும் மாட்டான்.

இரண்டு: நம் கௌரவம் கல்லாவிலும் தராசிலும் இருக்கிறது. கடலில் செத்த குதிரைக்கும் பணம் கொடுக்கும் அளவுக்கு ஒரு பாண்டியர் நம்மவர் வாக்கை நம்பினார். இன்று நம் கடைக்கு வரும் சீனரும் மலாய்க்காரரும் இந்துவும் சிறு பிள்ளையை அனுப்பிச் சாமான் வாங்கினாலும் சரியான எடையும் சரியான சில்லறையும் வரும் என்று நம்புகிறார்களா? அதுவே நம் சுல்தானிய்யத்.

மூன்று: அயலாருக்கு நியாயம் கிடைக்கும் இடத்தில்தான் நமக்கும் நியாயம் கிடைக்கும். 1964-ல் இந்தத் தீவிலும் இரண்டு முறை இனக் கலவரம் நடந்தது. அமைதி தானாக வந்துவிடுவதில்லை. இங்கே தமிழ் ஆட்சிமொழி நான்கில் ஒன்றாக இருப்பதும், பள்ளியும் கோயிலும் ஒரே ரோட்டில் இருப்பதும் பலர் கூடிக் காத்து வருவதால்தான். வேறொரு சிறு கூட்டத்தார்மேல், புதிதாகப் பிழைக்க வந்தவர்மேல், யாராவது பழி சுமத்தும்போது நாம் வாய் மூடி இருக்கலாகாது. கொல்லத்து வியாபாரி அயலாருடைய ஆலயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டானே, அந்தக் கையெழுத்தை நாமும் போடத் தயாராக இருக்க வேண்டும்.

மதுரைச் சிம்மாசனம் நாற்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தது. கரையோரக் கடைகள் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி இன்னும் திறந்திருக்கின்றன. அவற்றைத் திறந்து வைத்திருக்கும் நேர்மையையும், நல்ல அயலாரையும் அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் அருள்வானாக. ஆமீன்.